பொறி எண்ணும் அறை

அந்த அறைக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. வெளியிலிருந்துதான் பூட்டலாம், வெளியிலிருந்துதான் திறக்கலாம். ஒரு கீற்று வெளிச்சம் உள்ளே வந்தாலும் அரை மணி நேரம் இருட்டில் பழக்கிய கண்கள் வீணாகிவிடும் என்பதால் பேராசிரியர் வெஸ்னிட்சர் அப்படிச் செய்து வைத்திருந்தார். கிராட்ஸ் நகரத்தில், மூர் ஆற்றுக்கு மேற்குப் பக்கம், மூடிப்போன ஒரு பீர் ஆலையின் நிலவறைதான் அவருடைய ஆய்வகம். நான் அங்கே மூன்று வருடம் பொறி எண்ணினேன்.

வேலை இதுதான். பொலோனியம் பூசிய ஒரு சின்னத் தகட்டிலிருந்து கண்ணுக்குத் தெரியாத துகள்கள் சீறிக்கொண்டு கிளம்பும். அவற்றின் வழியில் ஒரு துண்டுக் கரியை வைப்போம். துகள் போய் மோதி, கரி அணுவின் நடுவிலிருக்கும் கருவை உடைத்தால் அதிலிருந்து ஒரு சில்லு தெறிக்கும். அது எதிரே உள்ள திரையில் பட்டால் ஊசிமுனை அளவுக்கு ஒரு பொறி மின்னும். நுண்ணோக்கியில் கண்ணை வைத்து அந்தப் பொறிகளை எண்ண வேண்டும். மணி அடித்தால் தொடங்கணும், ஒரு நிமிடம் கழித்து மறுபடி அடித்தால் நிறுத்தி எண்ணிக்கையைக் கதவு வழியாகக் கத்திச் சொல்லணும். பிறகு ஒரு நிமிடம் ஓய்வு. இருட்டறையில் நானும் ஹெட்விக் ஸ்ட்ரோபலும் மாறி மாறி உட்காருவோம். கருவிகளெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம், பேராசிரியர் கையில்.

அணுவைப் பற்றி அந்த வருடங்களில் எதுவுமே நிலையாக இல்லை. நான் பள்ளியில் படித்த அணு கெட்டி உருண்டை. கல்லூரிக்குப் போனபோது அதற்குள் கரு வந்துவிட்டது, அதைச் சுற்றி எலக்ட்ரான்கள் அடுக்கடுக்கான படிகளில் நின்றன. பட்டம் வாங்குவதற்குள் ஜெர்மனியில் சில பையன்கள் அந்தப் படிகளையும் தூக்கிப் போட்டுவிட்டு அணுவை எண்களின் அட்டவணையாக எழுத ஆரம்பித்திருந்தார்கள். அவர்களை நினைத்தாலே பேராசிரியருக்குச் சிரிப்பு.

"அவங்க பேனாவால அணுவை உடைக்கிறாங்க," என்பார். "நாம கண்ணால பார்த்து உடைக்கிறோம். எது பெருசு?"

கரியின் கரு உடைகிறது என்பது அவர் கண்டுபிடிப்பு. நிமிடத்துக்குப் பத்தொன்பது, இருபது பொறி. அது உடையவே உடையாது என்று இங்கிலாந்தில் ஒரு ஆய்வகம் நான்கு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அங்கே எண்ணியவர்களுக்கு இரண்டு மூன்றுக்கு மேல் தெரியவில்லை. "அவங்க ஊர் மூடுபனி கண்ணுக்குள்ளயே போயிடுச்சு போல" என்று பேராசிரியர் ஒரு கட்டுரையில் கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில் எழுதினார். அந்தச் சண்டையில் அவர் பக்கத்துச் சாட்சி நான். ஒட்டீலியே ரெஷாவர் என்ற என் பெயரில் ஒரு நூல், 'கரி அணுக்கருவின் சிதைவு', எழுபத்துநான்கு பக்கம், ஒன்பது அட்டவணை. அதற்குத்தான் எனக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது. ஒரு பெண்ணை ஆய்வகத்துக்குள் விடவே மற்றவர்கள் யோசித்த காலத்தில் என்னை அழைத்து உட்கார வைத்தவர் அவர். அதை நான் மறந்ததில்லை.

1927 மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. கணவன் ஆலோயிஸுக்கு மூச்சு முட்டுகிறது என்று ஹெட்விக் தாமதமாக வருவதாகச் சொல்லியிருந்தாள். நான் தனியாக உள்ளே இருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேராசிரியர் வழக்கம்போல, "கரி!" என்று குரல் கொடுத்தார். மணி அடித்தது. எண்ணினேன். பத்தொன்பது. இருபத்தொன்று. பதினெட்டு. பத்தொன்பது. நல்ல கணக்கு. யாரோ பார்க்க வந்திருக்கிறார்கள் என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டு அவர் மாடிக்குப் போனார். கருவியைக் கழற்றி வைப்பது என் வேலை.

கழற்றினேன். பொலோனியத் தகடு இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

ஈயப் பெட்டியைத் திறந்தேன். முந்தின நாள் சாயங்காலம் நான் வைத்த இடத்திலேயே, நான் சுற்றிய காகிதத்துக்குள்ளேயே தகடு இருந்தது. பேராசிரியர் கரியை மட்டும் வைத்திருக்கிறார், தகட்டை வைக்க மறந்துவிட்டார். மோதுவதற்கு எதுவுமே இல்லாத இடத்தில் நான் நிமிடத்துக்குப் பத்தொன்பது பொறி பார்த்திருக்கிறேன்.

படிக்கட்டில் உட்கார்ந்தேன். நான் பொய் சொல்லியிருந்தால் அவ்வளவு பயம் வந்திருக்காது. பொய் சொன்னவளுக்கு உண்மை எதுவென்று தெரியும். நான் பார்த்தேன். ஒவ்வொன்றையும் பார்த்தேன். எதிர்ச்சுவரில் ஆணியில் தொங்கிய என் மேல்கோட்டைப் பார்த்தபோது அது அங்கே இருக்கிறதா என்று எழுந்துபோய்த் தொட்டுப் பார்த்தேன்.

மதியம் முற்றத்தில் ஹெட்விக் பூசணி விதை எண்ணெய் ஊற்றிய பீன்ஸைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைவிடப் பத்து வயது பெரியவள். வாய்த் துடுக்கு அதிகம். நடந்ததைச் சொன்னேன். அவள் கரண்டி நின்றது.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"உன்கிட்டதான்."

"அப்போ என்னோடயே நிக்கட்டும். ராத்திரி தூங்கினியா? கண்ணு சிவந்து போய்க் கிடக்கு."

"ஹெட்விக், பத்தொன்பதுடி. ஒண்ணு ரெண்டு இல்ல. இன்னிக்குக் கண்ணு கெட்டுச்சுன்னா சரி. மூணு வருஷமா இப்படித்தான் பார்த்தேனா?"

"நானும்தானே பார்த்தேன்? ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல பைத்தியமா?" பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இங்க பாரு, ஒட்டி. ஆலோயிஸ் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு ஜன்னலோரமா உட்கார்ந்திருக்கான். போர்ல குடிச்ச விஷப்புகை இன்னும் அவன் உள்ள இருக்கு. இந்த இருட்டுக் குழி ஒண்ணுதான் எனக்கு. இதை மூடிட்டா நான் எங்க போய் என்னத்தை எண்ணுறது? ட்ராம் வண்டியையா?"

வேறு யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து நுண்ணோக்கியில் கண்ணை வைத்தால் எதுவும் நிச்சயமாகத் தெரியவில்லை. ஒரு மின்னல் தெரியும். இது வந்ததா, நான் வரவழைத்தேனா என்று யோசிப்பதற்குள் அடுத்தது. பேராசிரியர் "கரி!" என்றால் இருட்டு தானாகவே சிமிட்ட ஆரம்பிக்கும். கரிக்குப் பதில் பித்தளைத் தகட்டை வைத்து "வெறும் தகடு!" என்றால் அடங்கிவிடும். கதவு வெளியே பூட்டியிருக்கும். முன்பெல்லாம் அது என் நினைவுக்கே வந்ததில்லை. இப்போது பூட்டுச் சத்தம் கேட்டதும் மூச்சு மேலேயே நின்றது.

ஒன்பது நாள் தாங்கினேன். பத்தாவது நாள் பேராசிரியரின் அறைக்குப் போய்ச் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"டாக்டர் ரெஷாவர், உங்களுக்கு ஓய்வு வேணும். ஒரு வாரம் மலைப்பக்கம் போயிட்டு வாங்க."

"தகடு பெட்டிக்குள்ள இருந்துச்சு, புரொஃபசர்."

"கருவி பூரா மூணு வருஷப் பொலோனியத் தூசு ஒட்டியிருக்கு. அதுல வந்திருக்கும்."

"தூசுல வந்தா, வெறும் தகடு வைக்கிறப்பவும் வந்திருக்கணுமே?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னை நிதானமாகப் பார்த்தார். "உங்க புத்தகத்துல எத்தனை அட்டவணை?"

"ஒன்பது."

"ஒன்பதும் உங்க கண்ணால எண்ணினது. அது தப்புன்னா, முதல்ல விழுறது நான் இல்ல. யோசிச்சுப் பேசுங்க. மிரட்டறேன்னு நினைக்காதீங்க, உங்க மேல உள்ள அக்கறையில சொல்றேன்."

அவர் சொன்னது நிஜம்தான், அக்கறைதான். மேசையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். இங்கிலாந்து ஆய்வகத்திலிருந்து ஹார்க்னஸ் என்று ஒருவர் மே மாதம் நேரில் பார்க்க வருகிறார். "நான்தான் கூப்பிட்டேன். வரட்டும். பார்க்கட்டும். மறைக்கிறதுக்கு நம்மகிட்ட எதுவும் இல்ல." தன் மேல் அவ்வளவு நம்பிக்கை உள்ள மனிதரிடம் நான் வேறென்ன சொல்ல முடியும்?

ஹார்க்னஸ் ஒல்லியாக, கூச்ச சுபாவத்தோடு இருந்தார். ஜெர்மன் மொழியைப் புத்தகத்தில் கற்றிருந்தார். முதல் நாள் காலையில் எங்களுக்குக் கை கொடுத்து, "தங்கள் இருவரின் கண்களைப் பற்றி நிறைய வாசித்திருக்கிறேன்" என்றார்.

"பார்த்தியா, நம்ம கண்ணு லண்டன் வரைக்கும் போயிருக்கு," என்று ஹெட்விக் என் காதில் சொன்னாள். "இவன் பொண்ணு பார்க்க வந்தானா, பொறி பார்க்க வந்தானா?"

அவர் ஒரே ஒரு உதவி கேட்டார். கருவிக்குள் எதை எப்போது வைப்பதென்று தானே முடிவு செய்ய வேண்டும். எதை வைத்தோம் என்று உள்ளே இருப்பவர்களுக்குச் சொல்லக் கூடாது. பேராசிரியர் மரியாதையாக ஒதுங்கி நின்று, "தாராளமா" என்றார். ஹெட்விக் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன்.

எங்களை உள்ளே அனுப்பிப் பூட்டினார்கள். கண் பழகுவதற்கு அரை மணி நேரம். இருட்டில் ஹெட்விக் என் கையைத் தேடிப் பிடித்தாள். அவள் விரல் சில்லென்று இருந்தது.

"என்னடி பண்றது?"

"தெரியுறதை எண்ணு. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு."

"நீ சொல்லுவே. உனக்கென்ன, படிச்சவ."

முதல் முறை அவளுடையது. சுவருக்கு அந்தப் பக்கம் அசைவுகள் கேட்டன. மணி அடித்தது. ஒரு நிமிடம் கழித்து அவள், "ரெண்டு!" என்றாள். அடுத்து, "இருபது!" பிறகு, "பத்தொன்பது!" அப்புறம், "ஒண்ணு!" பன்னிரண்டு முறை எண்ணினாள். ஒவ்வொரு முறையும் வெளியே காகிதத்தில் குறிப்பது கேட்டது. கடைசியில் பேராசிரியரின் சிரிப்புச் சத்தம் கேட்டது. வாய்விட்டு, குழந்தை மாதிரிச் சிரித்தார். எல்லாம் பொருந்திவிட்டது என்று அர்த்தம். கரி இருந்தபோதெல்லாம் இருபது, இல்லாதபோதெல்லாம் ஒன்றோ இரண்டோ.

ஹெட்விக் பெருமூச்சு விட்டாள். "கடவுளே. இருக்குடி. நிஜமாவே இருக்கு. சும்மா பயமுறுத்தினியே."

எனக்கும் அழுகை வரும் அளவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும், ஒரு விஷயத்தை மட்டும் கவனிக்காமல் இருந்திருந்தால். அவள் எண்ணிய பன்னிரண்டு முறையும், நுண்ணோக்கி பக்கமே போகாத எனக்கும், அவள் வாய் திறப்பதற்கு முன்பே எண் தெரிந்திருந்தது. கரி வைக்கும் பிடியின் திருகு லேசாகக் கீச்சிடும். வெறும் பித்தளைத் தகட்டுக்குத் திருகு கிடையாது, டக்கென்று உட்காரும். மூன்று வருடமாக அந்தச் சத்தங்களைக் கேட்டுக் கேட்டு எங்கள் காதுக்குப் பழகிப் போயிருந்தது. பேராசிரியர் 'கரி' என்று குரல் கொடுத்துத்தான் எங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதே இல்லை.

இப்போது என் முறை. நான் பேசாமல் போய் உட்கார்ந்தால் போதும். காது கேட்கும், கண் மின்னும், எண் பொருந்தும். ஹார்க்னஸ் தலையை ஆட்டிக்கொண்டு ஊருக்குப் போவார். ஹெட்விக்கின் வேலை, என் பட்டம், பேராசிரியரின் நான்கு வருடச் சண்டை, எல்லாம் அப்படியே நிற்கும். இனி எத்தனை வருடம் இந்த அறைக்குள் இதையே எண்ணிக்கொண்டு கிடப்பேன் என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்தேன்.

கதவைத் தட்டினேன். "புரொஃபசர், ஒரு நிமிஷம். என் காதை அடைச்சுக்கப் போறேன்."

"எதுக்கு?"

"சத்தம் கேட்குது. நீங்க கரி வைக்கிறீங்களா, பித்தளை வைக்கிறீங்களான்னு சத்தத்துலயே தெரிஞ்சிடுது. எனக்குத் தெரியுது. ஹெட்விக்குக்கும் தெரிஞ்சிருக்கும்."

என் பின்னால் ஹெட்விக், "பாவி" என்று முணுமுணுத்தாள்.

பிறகு ஹார்க்னஸின் குரல் வந்தது. "மணி அடித்தால் தங்களுக்குக் கேட்காதே?"

"மணிக் கம்பி வர்ற ஓட்டை வழியா என் ஏப்ரன் நாடாவை விடுறேன். ஒரு முனையை என் மணிக்கட்டுல கட்டிக்கிறேன். நீங்க இழுங்க."

கண்ணாடி துடைக்க வைத்திருந்த பஞ்சை எடுத்து நனைத்து இரண்டு காதிலும் திணித்தேன். உலகம் ஒரேயடியாகத் தூரப் போய்விட்டது. என் ரத்தம் ஓடுகிற சத்தம் மட்டும். இருட்டு, பூட்டிய கதவு, கையில் கட்டிய நாடா. மிருகத்தைக் கட்டிப்போட்டது போல் உட்கார்ந்திருந்தேன். நாடா இழுபட்டது.

எனக்குப் பத்தொன்பது வேண்டியிருந்தது. உடம்பு முழுக்க அதைக் கேட்டது. திரையின் ஓரத்தில் ஏதோ நெளிந்தது, மின்னப் போகிற மாதிரி, மின்னியே விட்ட மாதிரி. நான் அசையாமல் காத்திருந்தேன். எதுவும் இல்லை. எதுவும் இல்லை. திடீரென்று நடுவில் ஒன்று, கூர்மையாக, ஊசி குத்தினாற்போல். அதைப் பார்த்ததும்தான் புரிந்தது, மற்றவை இப்படி இருந்ததே இல்லை என்று. இது என்னைக் கேட்காமல் வந்தது.

"ஒண்ணு!" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

பன்னிரண்டு முறை. ஒன்று, இரண்டு, மூன்று, ஒன்று, இரண்டு, இரண்டு, பூஜ்யம். பிறகும் அப்படியே. மூன்றுக்கு மேல் ஏறவே இல்லை. அதில் எது கரி, எது பித்தளை என்று எனக்குத் தெரியாது. ஆனால் பன்னிரண்டு முறையிலும் ஒரு தடவைகூடக் கரி வைக்காமல் இருந்திருக்க மாட்டார்கள்.

ஹார்க்னஸ் அதே போல ஹெட்விக்கையும் எண்ணச் சொன்னார். மாட்டேன் என்பாள் என்று நினைத்தேன். என் காதிலிருந்த பஞ்சை அவளே பிடுங்கித் தன் காதில் வைத்துக்கொண்டு, நாடாவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். "மூணு," என்றாள். "ஒண்ணு." நான்காவது முறைக்குப் பிறகு எண் வரவில்லை. அழுதுகொண்டிருந்தாள்.

கதவைத் திறந்தார்கள். வெளிச்சம் முகத்தில் அறைந்தது. பேராசிரியர் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் வாய் லேசாகத் திறந்திருந்தது. ஹெட்விக் நேரே அவரிடம் போனாள்.

"நான் ஏமாத்தலை, புரொஃபசர். சத்தியமா பார்த்தேன். இருபதும் பார்த்தேன்."

"தெரியும்," என்றார் அவர். "நானும்தான் பார்த்திருக்கேன்." காகிதத்தோடு மாடிக்குப் போய்விட்டார்.

ஹார்க்னஸ் மூன்று நாள் தங்கியிருந்து அதே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தார். கடைசி நாள் அவரும் பேராசிரியரும் மாடியில் வெகுநேரம் பேசினார்கள். இதைப் பற்றி எதுவும் அச்சில் வராது, பேராசிரியர் இனி கரியைப் பற்றி எழுத மாட்டார், அவ்வளவுதான் என்று முடிவாயிற்று. நல்ல மனசோடு எடுத்த முடிவு. ஒரு வயதானவரைச் சந்தியில் நிறுத்த வேண்டாம் என்று ஹார்க்னஸ் நினைத்தார். ஆனால் அந்தக் கருணைக்குள் என் எழுபத்துநான்கு பக்கமும் சேர்ந்து அடைபட்டுப் போயிற்று. நூலகங்களில் அது என் பெயரோடு நிற்கும். யாராவது எடுத்து நம்புவார்கள்.

நான் தவறைச் சொல்லி அரைப்பக்கம் எழுதி ஆய்விதழுக்கு அனுப்பினேன். ஆய்வகத் தலைவரின் கையெழுத்து இல்லாமல் வெளியிட முடியாது என்று பதில் வந்தது. பேராசிரியர் கையெழுத்துப் போடவில்லை. மறுக்கவும் இல்லை; காகிதத்தை மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடினார். அதற்குப் பிறகு நான் ஆய்வகத்துக்குப் போகவில்லை.

பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போய்ப் பட்டத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னேன். எழுத்தர் பெரிய விதிப் புத்தகத்தைப் புரட்டினார்.

"கொலை, திருட்டு, தேசத்துரோகம் ஏதாவது பண்ணியிருக்கீங்களா?"

"இல்ல."

"அப்போ பிடுங்க முடியாதுங்க. நீங்களா திருப்பிக் குடுக்கிறதுக்கு விதியே இல்ல." என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "வீட்டுக்குப் போங்க, டாக்டர்."

அன்று மாலை வீட்டில் உட்கார்ந்து என் அட்டவணைகளை எடுத்தாண்ட கட்டுரைகளையெல்லாம் தேடிப் பட்டியல் போட்டேன். பதினேழு பேர். உப்சாலா, லெனின்கிராட், பாரிஸ், டோக்கியோ. ஆளுக்கொரு கடிதம் கையால் எழுத ஆரம்பித்தேன். 'என் நூலின் ஒன்பது அட்டவணைகளும் தவறு. நான் பார்த்தவை அங்கே இல்லை. காரணம் கீழே.' ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் எழுத முடியவில்லை. ஒவ்வொரு கடிதத்திலும் அந்த வரியை முதல் முறை போலவே எழுத வேண்டியிருந்தது. வீட்டை விட்டு வெளியே போவதே குறைந்துவிட்டது. தெருவில் பேராசிரியரைப் பார்த்துவிடுவேனோ என்ற பயம் ஒன்று. ஹெட்விக்கைப் பார்த்துவிடுவேனோ என்ற பயம் அதைவிடப் பெரிது.

ஆறாவது கடிதத்தை முடித்தபோது கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. ஹெட்விக் நின்றிருந்தாள். உள்ளே வா என்று நான் சொல்வதற்குள் வந்து உட்கார்ந்தாள். தொப்பியைக் கழற்றவில்லை.

"ஆய்வகத்தை மூடப் போறார்," என்றாள். "எனக்கு நூற்பாலையில நூல் சோதிக்கிற வேலை. பகல் வெளிச்சத்துல. ஆலோயிஸ் கேட்கிறான், ஏன் முன்னாடியே போகலைன்னு."

"என் மேல கோபமா?"

"இல்லாம? ரெண்டு வாரம் உன் பேரைக் கேட்டாலே கொலைவெறி." மேசையில் இருந்த கடிதங்களைப் பார்த்தாள். ஒன்றை எடுத்து மெதுவாக, உதடு அசையப் படித்தாள். "எண்ணினது நாம ரெண்டு பேரும். இதுல உன் பேரு மட்டும்தான் இருக்கு."

"புத்தகம் என்னுது."

"கண்ணு என்னுதும்தான்." மையையும் பேனாவையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "இன்னும் எத்தனை பேரு பாக்கி?"

"பதினொண்ணு."

"ஆறு என்கிட்ட குடு. டோக்கியோவுக்கு நான் எழுதுறேன். அது எப்படி எழுதணும், T-யா, D-யா?"

சொன்னேன். அவள் தொப்பியைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு, நாக்கின் நுனியைப் பல்லிடையே வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தாள்.